பூட்டியின் வயது

எங்கள் பூட்டி 1984இல் காலமானார். நூற்று நான்கு வயது என்றார்கள். கெடாவின் கூலிம் மாவட்டத்தில், பாடாங் செராய் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பழைய ஆட்கள் சிலருக்கு இன்றும் அந்த எண் நினைவிருக்கிறது. பாடாங் மேஹாவிலிருந்து வருகிறேன் என்று சொன்னால், "நூத்திநாலு வயசு ஆயா வீடா?" என்று கேட்பார்கள். பால்வெட்டுக்குப் போக முடியாத வயதில் பூட்டி ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். வேலைக்குப் போன தாய்மாரின் கைக்குழந்தைகள் அவர் மடியில் வளர்ந்தன. அதனால் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் ஆயா.

குடும்பத்தின் கொடிவழியை எழுதி வைக்க வேண்டும் என்று உறவினர்கள் பேசத் தொடங்கியபோது, அது பூட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில் யாருக்கும் வேறு எண்ணம் இல்லை. கப்பலேறி வந்தவர் அவர். எல்லோரும் கண்ணால் பார்த்த முதல் ஆளும் அவரே. கெடாவில் எந்தத் தோட்டக் குடும்பத்தைக் கேட்டாலும் இப்படித்தான் இருக்கிறது. பின்னோக்கிப் போகப்போக, தொண்ணூறோ நூறோ கடந்து வாழ்ந்த ஒரு பாட்டியிடமோ தாத்தாவிடமோ போய் நின்றுவிடும். அவருக்கு அப்பால் ஒரு ஊர்ப்பெயர் இருக்கும். சில வீடுகளில் அதுவும் இல்லை, தாலுகாவின் பெயர் மட்டும் இருக்கும். எங்களுக்கு முசிறி. முசிறிக்கு மேற்கே ஆற்றோரத்தில் ஒரு ஊர்.

எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் வேலையாகப் பூட்டி பிறந்த ஆண்டை உறுதி செய்ய நினைத்தேன். அந்த ஒரு ஆண்டைத் தேடிப் போனதில்தான் குடும்பம் எனக்கு விளங்கத் தொடங்கியது.

பூட்டியின் அடையாள அட்டையை என் தாத்தாவின் கடைசித் தங்கை, அத்தைப்பாட்டி, பத்திரமாக வைத்திருக்கிறார். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுப் போராளிகளையும் பொதுமக்களையும் பிரித்தறிவதற்காக, பன்னிரண்டு வயதைக் கடந்த எல்லோரையும் அந்த ஆண்டில் பதியத் தொடங்கினார்கள். புகைப்படம் எடுத்து, கைரேகை பதித்து, அட்டை கொடுத்தார்கள். மலாயாத் தமிழரில் பெரும்பாலோருக்கு அரசாங்கம் தந்த முதல் தாள் அதுதான். பூட்டியின் அட்டையில் பிறந்த ஆண்டு 1880 என்றிருக்கிறது. நாளும் மாதமும் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு ஆளைப் பார்த்து ஒரு ஆண்டை எழுதுவதைத் தவிர அன்றைக்கு வேறு வழி கிடையாது. வயது தெரியாத மக்களைக் கணக்கெடுக்கும் இடமெல்லாம் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் குவியும் என்பது மக்கள்தொகைக் கணக்கு தெரிந்தவர்கள் அறிந்த செய்தி. 1880 அப்படி வந்த எண். நூற்று நான்கு என்ற கணக்கு அதிலிருந்து பிறந்தது.

இதற்கு ஆதரவாக வீட்டில் இன்னொரு சாட்சியும் உண்டு. பூட்டி தாது வருஷப் பஞ்சத்தைச் சொல்வார். எறும்புப் புற்றைத் தோண்டித் தானியம் எடுத்தது, புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றது, கற்றாழைக் குருத்தை அவித்தது, சாலையோரத்தில் கிடந்தவர்களைத் தாண்டி நடந்தது என்று பார்த்தவர் போலவே சொல்வார். சிறுவனாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டிருக்கிறேன். தாது வருஷம் என்பது 1876. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. அதைக் கண்டவர் என்றால் 1880கூடப் போதாது, அதற்கும் முன்னால் பிறந்திருக்க வேண்டும். பெரியப்பா ஒருவர் நூற்றுப் பத்து என்று வாதிடுவார்.

ஆனால் பூட்டி சொன்ன வேறொரு செய்தியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அத்தைப்பாட்டிதான் பேச்சுவாக்கில் அதைச் சொன்னார். "எம்டன் பினாங்குல குண்டு போட்டானே, அப்ப பெரியண்ணன் கைப்பிள்ளையாம். மார்ல பால் குடிச்சிக்கிட்டு இருந்தாராம். சண்டை வந்துருச்சு, இனிமே ஊருக்குக் கப்பல் போகாதுன்னு சனங்க அழுதாங்களாம். அம்மா சொல்லும்."

எம்டன் வந்த நாள் நன்றாகத் தெரிந்த நாள். அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. சென்னையை விட்டு மக்கள் ஊர்ப்பக்கம் ஓடினார்கள். அதே கப்பல் வங்கக் கடலைக் கடந்து அக்டோபர் 28ஆம் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அங்கே நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. விட்டு வந்த கரையிலும் வந்து சேர்ந்த கரையிலும் ஒரே கப்பல் குண்டு போட்டதென்றால் அதை யார் மறப்பார்கள்? கடலின் இரு கரையிலும் அந்தத் தலைமுறைத் தமிழர் பிறப்பையும் திருமணத்தையும் எம்டனுக்கு முன், எம்டனுக்குப் பின் என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

1914 இறுதியில் தலைப்பிள்ளை கைக்குழந்தை. பெரியவளான அடுத்த ஆண்டே தாலி கட்டி, அந்தச் சூட்டிலேயே கப்பலேற்றிவிட்டார்கள் என்பதும் பூட்டி சொன்னதுதான். அப்படியானால் தலைப்பிள்ளை பிறந்தபோது பதினேழு பதினெட்டு வயது இருக்கலாம். 1880இல் பிறந்திருந்தால் அப்போது முப்பத்து நான்கு. அந்தக் காலத்தில் முப்பத்து நான்கில் தலைப்பிள்ளை பெற்றிருந்தால் அதையே ஒரு கதையாகச் சொல்லியிருப்பார்கள். கடைசிப் பிள்ளையான அத்தைப்பாட்டியின் பிறப்புப் பத்திரத்தில் 1935 என்று இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் பிள்ளைப்பேறு நடப்பதில்லை. ஆகப் பூட்டி பிறந்தது 1896, 1897 வாக்கில். இறந்தபோது எண்பத்தெட்டு வயதுக்குப் பக்கத்தில்.

பஞ்சம் அவருடைய நினைவு அல்ல, அவருடைய தாயின் நினைவு. பதினாறு வயதில் தாயைப் பிரிந்து கப்பலேறியவர் தாய் சொன்ன கதையைத் தன் கதையாக வைத்துக்கொண்டார். பிறகு தாயை அவர் பார்க்கவே இல்லை.

இதை அத்தைப்பாட்டியிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. "எங்கம்மா வயச குறைக்கிறியா, தம்பி?" என்றார்.

குறைக்க எனக்கு மனமில்லை. அந்த அட்டையில் இருக்கும் புகைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1948இல் பூட்டிக்கு உண்மையில் ஐம்பத்திரண்டு வயது இருக்கும். படத்தில் இருக்கும் முகத்துக்கு அறுபத்தெட்டு என்று எழுதினால் எவரும் மறுக்க மாட்டார்கள். எழுதியவர் பொய் எழுதவில்லை. கண்ணால் கண்டதை எழுதினார். கோழி கூவுமுன் எழுந்து சோறாக்கி, பெரட்டில் நின்று பேர் கொடுத்து, நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு உளி போட்டு, மங்கு மங்காகப் பாலை வாளியில் கொட்டி, காண்டாக்கம்பில் இரு பக்கமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்தவர். 1930க்கு முன் தோட்டத் தரக் கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலக மந்தத்தில் அதுவும் குறைந்தது. மலேரியா குளிர்காய்ச்சல் ஆண்டுக்கு ஆண்டு வந்து போனது. மூன்றரை வருட ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கண்ணில் படாமல் மரவள்ளிக்கிழங்கை மட்டும் தின்று பிழைத்தார். இவற்றோடு பேறுகாலங்களும். ஐம்பத்திரண்டுக்கும் அறுபத்தெட்டுக்கும் இடையிலான அந்தப் பதினாறு ஆண்டுகளைத் தோட்டம் அவர் உடம்பில் ஏற்றியது. அவற்றை அவர் வாழவில்லை என்று கழித்துவிட எனக்குத் துணிவில்லை.

வயதை உறுதி செய்ய அரசாங்கத் தாள்களும் தேடினோம். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஃபிஜிக்குப் போன அறுபதாயிரம் பேருக்கும் அனுமதிச் சீட்டு உண்டு. மொரிஷியஸில் மோக்கா நகரின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் புகைப்படங்கள்கூட இருக்கின்றன. அங்கெல்லாம் நாலாம் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கிராமத்தில் வந்து இறங்குகிறார்கள். மலாயாவுக்கு வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிந்தது. அதன் பிறகு வந்தவர்கள் சுதந்திரத் தொழிலாளர்கள். 1907இல் அமைத்த தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து அவர்களின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. கங்காணி தன் ஊருக்குத் திரும்பிப் போய், சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் திரட்டி, முன்சீப் கையெழுத்து வாங்கி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ முகாமில் சேர்த்தார். ஏழெட்டு நாள் கடல். பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்பு முகாம். அங்கிருந்து தோட்டம். ஒப்பந்தம் இல்லாததால் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தாள் எழுதும் கட்டாயம் யாருக்கும் இல்லை. தலைகளை எண்ணினார்கள், பெயர்களைக் காக்கவில்லை. அடிமைத்தனத்துக்கு நெருங்கிய ஒப்பந்தம் தன் மனிதர்களின் பெயர்களை விட்டுச்சென்றது, சுதந்திரம் என்று பெயர் பெற்ற முறை விட்டுச்செல்லவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனை அடங்குவதில்லை.

அதே நாகப்பட்டினம், அன்று கடாரம் எனப்பட்ட அதே கெடா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானம் கொடுத்தான். அந்தச் செப்பேட்டில் ஊரின் எல்லைகள்கூட வரி வரியாக இருக்கின்றன. அவன் மகன் ராஜேந்திரன் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்ததும் கல்வெட்டில் இருக்கிறது. பாடாங் மேஹாவிலிருந்து வண்டியேறினால் சிறிது நேரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி எனப்படும் பழைய கோயில்களின் கல்தளங்களைப் பார்த்து வரலாம். நம் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்ப் பெருமை சொல்கிறோம். சொல்லலாம், தவறில்லை. ஆனால் எங்கள் ரத்தம் அந்தக் கப்பற்படையோடு வந்ததல்ல. நாகப்பட்டினத்து முகாமில் அம்மைப்பால் குத்திக்கொண்டு மேல்தளத்தில் நெருக்கியடித்துப் படுத்து வந்தது. பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டியது இந்தக் கப்பல்.

கெடாவுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 1909இல் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தபோதும் கெடா கூட்டு மாநிலங்களோடு சேரவில்லை. அரசாங்க அலுவல் மலாயில், ஜாவி எழுத்தில், ஹிஜ்ரி ஆண்டில் நடந்தது. தோட்டத்துக் கிராணி ஆங்கிலத்தில் செக்ரோல் எழுதினார். எங்கள் ஆட்கள் தாது என்றும் ரக்தாட்சி என்றும் தமிழ் ஆண்டு சொன்னார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயர்கள் திரும்பி வரும். ரக்தாட்சி என்றால் 1864ஆகவும் இருக்கலாம், 1924ஆகவும் இருக்கலாம். ஒரே பிறப்புக்கு மூன்று நாட்காட்டி. தோட்டங்கள் கைமாறும்போது பழைய செக்ரோல்களைக் காப்பாற்ற யாரும் இல்லை. ஊர்ப்பக்கமோ நிலமுள்ளவர்களுக்குத்தான் பட்டா. நிலமில்லாத கூலிக் குடும்பத்தை எந்தச் செட்டில்மெண்ட் ஏட்டில் தேடுவது? திருமணத்துக்கும் பதிவில்லை. இந்துக்கள் உட்பட முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களை ஒரே சட்டத்தின் கீழ்ப் பதியும் முறை 1976இல் சட்டமாகி 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மாரியம்மன் முன்னால் கட்டிய தாலிக்கு ஊரார் மட்டுமே சாட்சி.

இங்கே எங்கள் குடும்பம் பேசாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பூட்டிக்கு இரண்டு தாலி. கப்பலில் கூட்டி வந்தவர் 1918 விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். உலகமெங்கும் கோடிக்கணக்கில் மனிதரை வாரிக்கொண்டு போன அந்த இன்புளூயன்சா மலாயாத் தோட்டங்களின் லயங்களிலும் புகுந்தது. இருபத்திரண்டு வயதில், கையில் நாலு வயது மகனும் இடுப்பில் ஒரு பெண் குழந்தையுமாகப் பூட்டி நின்றார். கொஞ்ச நாளில் அதே தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவர் அவரைச் சேர்த்துக்கொண்டார். வேறு ஊர்க்காரர், வேறு சாதி. என் தாத்தாவும் அத்தைப்பாட்டியும் அவருடைய பிள்ளைகள். நாங்கள் எல்லோரும் அவர் வழி. கொடிவழியில் இதை எழுதக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். ஊரில் இருந்திருந்தால் அந்த வயதில் வெள்ளைச் சீலை உடுத்தி மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். தோட்டத்தில் கூலியும் கொடுமையும் இருந்தன, மறுபடி ஒரு வீடு கட்டிக்கொள்ளும் வழியும் இருந்தது. அந்த வழியில் துணிந்து போனதால்தான் இன்றைக்கு நாங்கள் இருக்கிறோம். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

நீண்ட ஆயுளை ஆதாரமாக வைத்துக் குடும்ப வரலாறு எழுதும்போது ஒரு பெரும் பிழை நேர்ந்துவிடுகிறது. பிழைத்தவர்கள் மட்டுமே தெரிகிறார்கள். கே.எஸ். சாந்து 1969இல் வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூலில் ஒரு கணக்குப் போடுகிறார். 1786 முதல் 1957 வரை மலாயாவுக்குள் வந்த இந்தியர் ஏறக்குறைய 42 லட்சம். திரும்பிப் போனவர்கள் ஏறக்குறைய 30 லட்சம். மிச்சம் 12 லட்சம் பேராவது இங்கே தங்கியிருக்க வேண்டும், அவர்களுக்குப் பிள்ளைகளும் பெருகியிருக்க வேண்டும். 1957இல் எண்ணியபோது இருந்தவர்களோ எட்டரை லட்சத்துச் சொச்சம். அவர்களிலும் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இங்கேயே பிறந்தவர்கள். மற்றவர்கள் எங்கே? காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் போனார்கள். கூட்டு மலாய் மாநிலங்களில் 1911இல் தோட்டத் தொழிலாளர் மரணம் ஆயிரத்துக்கு 60க்கும் மேல். நூறு பேர் உள்ள லயத்தில் ஆண்டுக்கு ஆறு பாடை. கப்பலில் பூட்டியோடு வந்த ஊர்க்காரர்கள் பலரின் பெயரை அவர் சொல்லுவார். அந்தப் பெயர்களுக்குச் சொந்தமான குடும்பங்கள் இன்றைக்கு எங்கேயும் இல்லை. பூட்டியின் ஆயுளை வியந்து வியந்து அவர்களை நாங்கள் கேட்காமலே விட்டுவிட்டோம்.

முதல் தாலியின் பெண் குழந்தை வளர்ந்து பதினாலு வயதானபோது உலக மந்தம் வந்தது. ரப்பர் விலை வீழ்ந்து 1930 முதல் தோட்டங்கள் ஆட்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. இறந்துபோன தகப்பனின் தம்பி குடும்பம் போனபோது அந்தப் பெண்ணையும் கூட அனுப்பிவிட்டார்கள். ஊரில் கல்யாணம் ஆனதாகக் கடிதம் வந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதமே இல்லை. முசிறிப் பக்கத்தில் எங்களுக்கு ரத்த உறவு இருக்கிறது என்றால் அது அந்தப் பெண்ணின் வழியாகத்தான் இருக்கும். ஊருக்குப் போய் வேர் தேட வேண்டும் என்று பேசும் உறவினர்கள் பூட்டியின் தகப்பன் வீட்டைத் தேடுகிறார்கள். நான் அந்தப் பதினாலு வயதுப் பெண்ணின் பேரப்பிள்ளைகளைத் தேடச் சொல்கிறேன்.

தலைப்பிள்ளை, எம்டன் வந்தபோது பால்குடித்த அந்தப் பிள்ளை, சயாமுக்குப் போனவர். 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை உடைந்த சில நாட்களில் கெடா முழுதும் ஜப்பானியர் கைக்குப் போனது. தோட்டங்கள் நின்றன. பால் வாங்க ஆளில்லை, கூலி இல்லை. 1943இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஆள் சேர்த்தார்கள். மூன்று மாதம் வேலை, நல்ல சாப்பாடு என்று சொல்லிக் கொஞ்சம் பேரையும், லயத்தைச் சுற்றி வளைத்துக் கொஞ்சம் பேரையும் கொண்டுபோனார்கள். அவரைக் கொண்டுபோனபோது இருபத்தொன்பது வயது. கல்யாணம் ஆகி இரண்டு வருடம், பிள்ளை இல்லை. அவர் மனைவி சில வருடம் காத்திருந்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரம் பேர் என்று ஒரு மதிப்பீடு, அதற்கும் மேல் என்று வேறு மதிப்பீடுகள். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் ஏராளம். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளாக இருந்த நேசநாட்டுச் சிப்பாய்கள் ஏறக்குறைய ஏழாயிரம் பேருக்குத் தனித்தனிக் குழி. பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயரும் படைப்பிரிவும் பொறித்த தகடு. எங்கள் ஆட்களுக்கு ஒரு பட்டியல்கூடக் கிடையாது. காலராவில் செத்தவர்களைக் குவித்து எரித்தார்கள்.

பூட்டியின் வயதை எனக்குக் கணித்துக் கொடுத்தவர் அந்தத் தலைப்பிள்ளைதான். வம்சமில்லாமல் போன பிள்ளை என்பதால் அவர் பெயர் முதலில் எழுதிய கொடிவழியில் இல்லை. இரண்டாம் மகனான என் தாத்தாவைத் தலைமகன் என்று எழுதியிருந்தார்கள்.

யுத்தம் முடிந்து திரும்பியவர்களின் கோபத்திலிருந்துதான் கெடாவில் தொண்டர் படை எழுந்தது என்று நினைக்கிறேன். ஏ.எம். சாமியின் தலைமையில் இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிக் கிளம்பினார்கள். 1947 மார்ச்சில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் தொழிலாளி ஒருவர் இறந்தார். தாத்தா அந்தப் படையில் காக்கி உடுத்திக் கவாத்துப் பழகியவர். இந்த ஒன்றை மட்டும் எங்கள் வீட்டில் எல்லோரும் சத்தமாகச் சொல்வார்கள்.

பிற்பாடு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். அதைத் தடுக்கத் தொழிலாளரிடம் மாதத் தவணையில் பணம் திரட்டி, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள், எங்களில் ஒரு கிளையும் போனது. கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். 1996இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறந்தது. பாடாங் மேஹாப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்து ஏறினார்கள். குடும்பங்கள் பாடாங் செராயிலும் லுனாஸிலும் சுங்கைப் பட்டாணியிலும் தாமான் வீடுகளுக்குச் சிதறின. லயத்தில் இருந்தவரை பக்கத்து வீட்டுக் கிழவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட உறவை இன்று தொலைபேசியில் ஐந்தாறு பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் அட்டைகளில் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் மட்டும் வரும். அடுத்த தலைமுறையில் அந்தத் தகப்பன் பெயரும் விழுந்துவிடும். மூன்று தலைமுறைக்கு மேல் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏற முடியாது. பெண்வழியில் இரண்டு தலைமுறையே அதிகம்.

ஆகவே இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன். உங்கள் மூத்தவர் யார், எத்தனை வயது இருந்தார் என்று நான் தொடங்குவதில்லை. அவரோடு கூடப் பிறந்தவர்கள் யார், அவர் பெற்று இழந்தவர்கள் யார், சயாமுக்குப் போனது யார், ஊருக்குத் திரும்பியது யார் என்று கேட்கிறேன். வயதானவர்கள் இதற்குத்தான் காத்திருந்ததைப் போலச் சொல்கிறார்கள். பாடாங் மேஹாவிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் நான் பேசிய வீடுகளில், சயாமுக்குப் போனவர் இல்லாத வீடு அரிது. அவர்கள் பெயர்களை ஒரு நோட்டில் தனியாக எழுதி வருகிறேன்.

பூட்டி பெற்ற பிள்ளைகள் எத்தனை என்பதில் வீட்டில் நெடுநாள் சண்டை. தாத்தா வழியில் ஒன்பது என்பார்கள். அத்தைப்பாட்டி பதினொன்று என்பார். வயதாகிவிட்டது, குழம்புகிறார் என்று ஒதுக்கிவிடுவார்கள். கொடிவழியின் கடைசிப் படியை விரித்து வைத்து அவரிடம் நான் வாசித்துக் காட்டினேன். ஒன்பது பெயர் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

"இன்னும் ரெண்டு" என்றார்.

"பேரு என்ன பாட்டி?"

"பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. ஒன்னு நான் பொறக்கறதுக்கு முந்தி, ஆம்பளப் புள்ள. இன்னொன்னு எனக்கு மூத்தது, பொட்டப் புள்ள. அம்மா எப்பவும் சேர்த்துத்தான் எண்ணும்."

பெயர் இல்லாமல் எப்படி எழுதுவது என்று பெரியப்பா கேட்டார். அத்தைப்பாட்டி என் கையிலிருந்த பேனாவைக் காட்டினார்.

"ஆண் ஒன்னு, பெண் ஒன்னுன்னு எழுது, தம்பி. பொறந்த வரிசையில எழுது. கடைசியில சேர்க்காத."